மருந்தை நிறுத்தச் சொன்னேன்

"செவ்வாய். காலை பத்தே முக்கால். சி. வீடு. மழை விட்டு விட்டு. வலது கை நடுக்கம் முன்னைவிடக் கூடுதல். டம்ளரை இடது கையால் வாங்கினார். மருந்தை நிறுத்தச் சொன்னேன். சரி என்றார்."

என் களக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இவ்வளவுதான். பக்கத்தின் மேலே தேதியும் ஆண்டும் இருக்கின்றன. தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை; வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட என்னிடம் இருக்கும். ஆனாலும் இங்கே ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். 'சி.'யின் வீட்டார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். எந்த வருஷம் எந்த எஸ்டேட்டில் யார் படுக்கையில் விழுந்தார் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆண்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். அவரைச் சின்னச்சாமி என்று வைத்துக்கொள்கிறேன். அது அவர் பெயர் இல்லை.

சின்னச்சாமிக்கு நடுக்குவாதம். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு எட்டாம் நாள் அவரால் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. குடித்த தண்ணீர் தொண்டையில் நின்றது. என் குறிப்பேட்டின் மூன்று சொற்கள்தான் காரணம் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் பலர் முன்னால் சொன்னார். மருந்தை நிறுத்தச் சொன்னேன். அதில் எந்தச் சொல் அவரைப் படுக்கையில் தள்ளியது என்பது எனக்குப் புரியவே ஒரு பகல் முழுதும் ஆயிற்று.

நான் அந்த டாக்டர் இல்லை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எலிகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். தன் தாயாருக்குக் கை நடுங்குவதாகவும், வரும் ஞாயிறு அழைத்து வரலாமா என்றும் கேட்கிறார். அவருக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் ஒருமுறை சொல்கிறேன். என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்' ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உரியது. நான் ஊசி போட்டதில்லை. ஒருவருக்கும் மாத்திரை எழுதியதில்லை.

இதை நான் போடியிலும் மலையிலும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "அடக்கமா பேசுறாக" என்று எடுத்துக்கொண்டார்களே தவிர, யாரும் நம்பவில்லை. பையில் நோட்டு, கையில் டார்ச்சு, கண்ணைப் பார்க்கிறாள், விரலைத் தட்டச் சொல்கிறாள், நடக்கச் சொல்கிறாள். இவள் டாக்டர் இல்லை என்றால் வேறு யார் டாக்டர்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் இருந்தேன். மூளையில் ஊறும் டோபமின் என்கிற ஒரே ஒரு வேதிப்பொருளைப் பின்தொடர்ந்ததுதான் என் உத்தியோகம். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. அது போதுமான அளவு இருக்கும்வரை நாம் சட்டைப் பித்தானைப் போடுகிறோம், படியில் இறங்குகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஒன்றையும் யோசிப்பதில்லை. குறைந்தால் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

நோயால் இறந்த ஒருவரின் நடுமூளையை முதன்முதலாகப் பார்த்தது நினைவிருக்கிறது. அதே மேசையில் நோயில்லாத ஒருவருடையதும் இருந்தது. நோயில்லாததில் கண்ணில் மை தீட்டியதுபோல் இருபுறமும் கருப்புக் கோடு. மற்றதில் அந்த மை அழுது கலைந்ததுபோல் வெளிறிக் கிடந்தது. டோபமினைச் சுரக்கும் செல்கள் அந்த மைக்கோட்டில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி அழிந்த பிறகுதான் கை முதன்முறையாக நடுங்குகிறது. நோயின் தொடக்கம் என்று நோயாளி சொல்லும் தேதி உண்மையான தொடக்கம் ஆகாது. தேதி பார்த்தே வாழ்கிற எனக்கு அன்று முதல் அது பெரிய உறுத்தல். உண்மையான முதல் நாளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் பிற்பாடு என்னை மலைக்குக் கொண்டுவந்த கேள்வி.

எலிக்கு மருந்து போட்டாச்சா?

மலைக்குப் போகும் முன் ஒரு பழைய விஷயம். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் என்னைத் தப்பவிடுகிறேன் என்று ஆகும்.

எலிக்கு நடுக்குவாதம் தானாக வராது. நாங்கள்தான் வரவழைப்போம். அதற்கு ஒரு வழி, செடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் ஒரு பூச்சிக்கொல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏற்றுவது. சில வாரங்களில் எலி மெதுவாகிவிடும். உடம்பு விறைக்கும். பிறகு அதன் மூளையிலிருந்து எடுத்த சாற்றைக் கருவிக்குள் விட்டால், காகிதத்தில் டோபமின் வரும் இடத்தில் ஒரு முகடு எழும்பும். நல்ல எலிக்கு அது போடிமெட்டு மலை மாதிரி செங்குத்தாக நிற்கும். எங்கள் எலிக்கு வரப்பு மாதிரி.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் ஓசூர்க்காரர். காலையில் நான் நுழைந்ததும் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எலிக்கு மருந்து போட்டாச்சா?" அவரும் தயங்காமல், "மருந்து போட்டதெல்லாம் மூலையிலயே உக்காந்திருக்கு மேடம்" என்பார். ஏட்டில் ஆங்கிலத்தில் 'டிரக்' என்று தலைப்பிட்ட பத்தி. பேச்சில் மருந்து.

அது விஷம். இருவருக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அந்தச் சொல் என் காதில் இடறவில்லை.

மூக்கு இல்லாதவர்

ஓய்வு பெற்றதும் போடிக்கே திரும்பினேன். பிறந்த ஊர் என்பது ஒரு காரணம். மலையில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் வேலை செய்தவர்களில் நடுக்குவாதம் எப்போது, எப்படித் தொடங்குகிறது என்று ஒரு சிறிய ஆய்வு செய்ய எனக்கு அனுமதி கிடைத்தது இன்னொரு காரணம். ஒருவரைக் காட்டி 'இதனால்தான் இவருக்கு வந்தது' என்று சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது. தொடர்பு இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, அவ்வளவுதான் சொல்லலாம். என் ஆய்வும் அதற்குமேல் ஆசைப்படவில்லை.

எனக்கு உதவிக்கு வந்தவர் ராசாத்தி. போடியில் நர்ஸாக இருந்து வேலையை விட்டவர், நாற்பத்தைந்து வயது, மலையில் என்னைவிட வேகமாக ஏறுவார். படிவம் முழுதும் அவர் கையெழுத்தில்தான் நிரம்பியது. விடியும் முன்பே தொழிலாளர்களோடு ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறி, வளைவு வளைவாகப் போடிமெட்டு போய், அங்கிருந்து தோட்டத்துக்குள் நடப்போம். ஏலச்செடியின் அடியில் தரையோடு தரையாகக் காய்ச்சரம் படர்ந்திருக்கும். பார்த்துக் கால் வைக்க வேண்டும். மிதித்தால் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் என் வம்சத்தையே விசாரிக்கும்.

சின்னச்சாமியை அப்படித்தான் கண்டுபிடித்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் கடைசி வீடு. அந்த எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர் என்றால் அவர்தான். டிரம்மில் கலவை போடுவதில் அவர் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது என்று சூப்பர்வைசரே சொன்னார். சட்டி சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி கண்ணாலேயே அளந்துவிடுவாராம்.

நோயைப் பற்றி எந்த நரம்பியல் நூலிலும் இல்லாத விளக்கங்கள் அவரிடம் கிடைத்தன. கால் தரையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பதை, "மருந்தடிக்கிற நாசில் அடைச்சுக்கிட்ட மாதிரி. உள்ள பிரசர் இருக்கு, வெளிய வர மாட்டேங்குது" என்றார். மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, "போட்டா அரை மணி நேரத்துல மோட்டார் எடுத்துருது. மூணு மணி நேரம் ஓடும். அப்புறம் டீசல் தீந்துபோகுது" என்றார்.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. இந்த நோயில் முகத்துத் தசைகள் இறுகிவிடும். சிரிப்பு உள்ளே இருந்தாலும் வெளியே வராது. அவர் கேலி பேசுகிறாரா, மெய்யாகப் பேசுகிறாரா என்பது பேச்சியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். "நெசமாத்தான் சொல்றாரு", "அது சும்மா, எழுதாதீக" என்று அவர் அவ்வப்போது பக்கத்திலிருந்து எங்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருப்பார். நடுநடுவே, "ஊருக்கே பூச்சி கொல்ற ஆளு, வீட்டுல ஒரு கரப்பானக் கொன்னதில்ல" என்று தன் கணக்கையும் சேர்ப்பார்.

ஒரு விஷயத்தை ராசாத்தி படிவத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு வருஷம் இந்த வேலையில் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று அவரைக் கேட்டபோது சொன்னது. "மத்தவனுக்கெல்லாம் அந்த நாத்தத்துக்கு வாந்தி வரும். எனக்கு நாத்தமே தெரியாது. மூக்கு செத்துப்போயி ரொம்ப வருசமாச்சு. அதான் என்னையவே விடாம வச்சிருக்காக."

அப்போது மூவரும் சிரித்தோம், அவர் முகம் மட்டும் அப்படியே. வீட்டுக்கு வந்து குறிப்பைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு முகரும் உணர்வு போய்விடுகிறது. நோய் வந்துவிட்டதன் முதல் அடையாளத்தை அந்த எஸ்டேட்டு ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டிருந்தது. அவரும்தான்.

அந்தச் செவ்வாய்

இனி என் குறிப்பேட்டுப் பக்கம்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சின்னச்சாமி வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் கட்டஞ்சாயா கொண்டுவந்தார். மலையில் அவர்களுக்குப் பாலில்லாத தேநீர் கட்டஞ்சாயாதான். சின்னச்சாமி மடியில் மாத்திரை அட்டை இருந்தது. முற்றத்தில் கலவை போடும் நீல டிரம் இருந்தது. இந்த இரண்டும் என் நினைவில் உள்ளவை. குறிப்பில் இல்லை.

நாளை மேற்குத் தோட்டத்தில் தெளிப்பு என்றார். இந்தக் கையோடா என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், ஆனால் கலவையை வேறு யாரிடமும் விட முடியாது என்றார். மாத்திரை ஏறியிருக்கும் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுவாராம். மாத்திரையால்தான் இன்னும் இந்த வேலையைப் பார்க்க முடிகிறது என்பதை நன்றியோடு சொன்னார். மூளையில் மிச்சமிருக்கும் கொஞ்சம் டோபமினை மாத்திரையால் ஈடுகட்டிக்கொண்டு போய், அந்த மிச்சத்தையும் அழிக்கக்கூடிய ஒன்றைக் கையால் கலக்குகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சு வழக்கில், ஊர்க்காரியாக, சொன்னேன்:

"அண்ணே, மொதல்ல நீங்க அந்த மருந்த நிறுத்துங்க."

'அந்த' என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைக்கிறேன். ராசாத்திக்கு நினைவில்லை. குறிப்பில் அந்த 'அந்த' இல்லை.

"சரி டாக்டரம்மா" என்றார்.

முந்தலில் நின்றேன்

அடுத்த வாரம் புதன்கிழமை காலை ராசாத்தி போன் செய்தார். சின்னச்சாமியை ஜீப்பில் கீழே கொண்டுவருகிறார்கள். காய்ச்சல், உடம்பு கட்டையாகிவிட்டது, பேச்சில்லை.

மலைப்பாதை வந்து இறங்கும் முந்தலில் போய் நின்றேன். லோடு ஜீப்பின் பின்பக்கம் ஏலக்காய்ச் சாக்குகளை விரித்து அதன்மேல் படுக்க வைத்திருந்தார்கள். சாக்கு வாசம் அடித்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. வளைவுக்கு வளைவு உருளாமல் இருக்கப் பேச்சியம்மாள் அவரைத் தன் காலால் அண்டை கொடுத்துப் பிடித்து வந்திருந்தார். "வெரசா போங்க, வெரசா போங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

போடியில் ஆம்புலன்சுக்கு மாற்றி மதுரைக்குக் கொண்டுபோனோம். அவருக்கு மாத்திரை எழுதிவந்த நரம்பியல் மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட கேள்வி, மாத்திரையை நிறுத்தினாரா என்பது. நடுக்குவாத மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்க விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இதை எலிக்கூண்டுக்காரியான நானே அறிவேன். பேச்சியம்மாள் தலையாட்டினார்; பேச்சு நிற்கும் முன் கணவரே அதை அவரிடம் சொல்லியிருந்தார். யார் நிறுத்தச் சொன்னது என்று மருத்துவர் கேட்டார்.

"இந்தா நிக்கிறாகள்ல, இவுகதான் சொன்னாகளாம். டாக்டரம்மா."

அந்த அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவே இல்லை என்று வாயெடுத்தேன். பையில் குறிப்பேடு இருந்தது. அதில் என் கையெழுத்தில், தேதியோடு, நேரத்தோடு, மருந்தை நிறுத்தச் சொன்னேன் என்று இருந்தது.

மருத்துவர் என்னிடம் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. "நீங்கள் எந்த மருந்தைச் சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

வினைச்சொல் காப்பாற்றவில்லை

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அன்று பகல் முழுதும் அந்தச் சொல்லைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பது மருந்து. சரவெடிக்குள் இருப்பதும் மருந்து. ஆளை மயக்க யாரோ சோற்றில் வைத்ததும் மருந்து. மழையே இல்லாவிட்டால் மருந்துக்குக்கூட இல்லை என்கிறோம். செடிக்கு அடிப்பதும் அதுவே. மலையில் ஒருவன் 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்று சொன்னால் அவன் உடம்பு தேறிவருகிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் தடுமாறாமல் இருப்பது பக்கத்தில் வரும் வினைச்சொல்லால். போடுகிற மருந்து, அடிக்கிற மருந்து, வைக்கிற மருந்து. ஆனால் 'நிறுத்து' எல்லா மருந்துக்கும் பொது. 'விடு' என்று சொல்லியிருந்தாலும் அதே கதைதான்.

ராசாத்தி டீ வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரைக் கையில் வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "மேடம், நம்ம ஃபாரத்துலயும் அந்த வார்த்தைதான இருக்கு."

டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

படிவத்தின் ஒரு கேள்வி: மருந்து எந்த வயதில் தொடங்கியது? நோய்க்கு எப்போது மாத்திரை எடுக்கத் தொடங்கினார்கள் என்று அறிவதற்காக நான் எழுதிய கேள்வி. சின்னச்சாமியின் பதில், பத்தொன்பது வயதில். அவருக்கு நடுக்கம் தெரிந்தது ஐம்பதுக்கு மேல். முப்பது ஆண்டுகள் முன்னதாகவே மாத்திரையா? பொருந்தாத இப்படிப்பட்ட படிவங்களை எல்லாம் நான் ஒரு சிவப்பு நாடாவில் கட்டி, மேலே 'பதிவுப் பிழை' என்று எழுதி, தேதியும் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். தொழிலாளர்களுக்கு வயதுக் கணக்குத் தெரியாது என்று ராசாத்தியிடம் குறைப்பட்டும் இருக்கிறேன்.

அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். முதன்முதலாக டிரம்மில் கைவைத்த வயதைச் சொல்லியிருந்தார்கள். உண்மையான முதல் நாளைத் தேடி மலைக்குப் போனவள் நான். அந்த நாளை என்னிடம் சொன்னவர்களை எல்லாம் பிழை என்று கட்டி அடித்தட்டில் போட்டிருக்கிறேன்.

தெளிப்புச் சட்டை

மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். மூன்றாம் நாள் கண் என் பக்கம் திரும்பியது. ஐந்தாம் நாள் பேச்சியம்மாளின் பெயரைச் சொன்னார். அதற்குப் பேச்சியம்மாள், "ஆமா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார். பழைய நடை திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, கழிப்பறைவரை நடந்தார்.

ஆய்வை மேற்பார்வையிடும் குழுவுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன், குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலோடு. படிவத்தில் அந்தக் கேள்வியை இரண்டாக உடைத்தோம். ஒன்றில் 'மாத்திரை', இன்னொன்றில் 'செடிக்கு அடிக்கிற மருந்து'. எல்லோரிடமும் மறுபடி போனோம். சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். சிலர் இல்லை. அதனால்தான் என் ஆய்வுக்கட்டுரை இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதும் பழைய மாணவர்களுக்கு இதுவே பதில்.

அவர் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் பேச்சியம்மாள் எங்களிடம் ஒன்றைக் காட்டினார். மருந்தடிக்கப் போகும்போது போடும் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார்கள். மற்ற துணியோடு துவைக்கவும் மாட்டார்கள். வெளியே ஆணியில் தொங்கும். யாரும் தொடமாட்டார்கள். அந்தச் சட்டைப் பையில் எட்டு நாள் மாத்திரையும் காகிதத்தில் மடித்து இருந்தது.

"நான் எடுத்துக் குடுப்பேன். வாயில போடுற மாதிரி கையக் கொண்டுபோவாரு. நானும் போட்டாருன்னே நெனச்சேன்" என்றார்.

அந்த எட்டு நாளில் முதல் மூன்று நாள் அவர் தெளிப்புக்கும் போயிருக்கிறார். கை கால் வராமல் போன பிறகுதான் நின்றிருக்கிறார்.

ராசாத்தி அதைக் கேட்டுவிட்டு இறங்கி வரும் வழியில் ஒரு சந்தேகத்தைச் சொன்னார். மாத்திரை ஏறியிருக்கும் நேரத்தில் சின்னச்சாமியின் தோளும் கழுத்தும் தானாக நெளியும். மாத்திரை நீண்ட நாள் எடுத்தால் வருவது அது. லயத்தில் பார்த்தவர்கள் சரக்குப் போட்டு ஆடுகிறார் என்று கேலி செய்வதாக அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். ஒருநாளும் குடிக்காத மனிதர். "மாத்திரைய விட ஒரு சாக்கு தேடிக்கிட்டே இருந்திருப்பாரோ மேடம்? நீங்க சொன்னது தோதாப் போச்சோ?"

அதை உடனே நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையாலேயே நம்பக்கூடாது என்று தோன்றியது.

கழுத்து

அண்மையில் மறுபடி மேலே போனேன். சின்னச்சாமி இப்போது தெளிப்புக்குப் போவதில்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார், நடுங்காத கையால். கலவை போடுகிற நாளில் மட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஊத்துனது போதும்டா, செடியக் கொன்றாத" என்று சத்தம் கொடுப்பாராம். அன்று விடுமுறை. வீட்டு வாசலில் அதே நாற்காலி, அதே கட்டஞ்சாயா.

கேட்டேன். "அண்ணே, மனசுல இருக்கிறதச் சொல்லுங்க. அன்னைக்கு நான் எந்த மருந்தச் சொன்னேன்னு நெனச்சீங்க?"

"நீங்க மருந்த நிறுத்தச் சொன்னீக. நிறுத்தினேன்."

"அப்ப மாத்திரைய எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

"நீங்க நிறுத்தச் சொன்னீக. இவ நிறுத்த விடமாட்டா. ஒளிக்காம என்ன செய்ய?"

பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தார். "எந்நேரமும் இதே பதிலுதான். நான் இங்கனதான நின்னேன்? அவுக அந்த டிரம்மப் பாத்துக்கிட்டேதான் சொன்னாக. எனக்கே புரிஞ்சுச்சு, ஒனக்குப் புரியலையாக்கும்?" மதுரையில் என்னைக் கைகாட்டியவரும் இவரேதான்.

சின்னச்சாமி டம்ளரை இடது கையால் மெல்லக் கீழே வைத்தார்.

"எனக்குத்தான் கழுத்துத் திரும்பாதே. அவுக எதப் பாத்தாகன்னு நான் எப்படிப் பாக்குறது?"

முகத்தில் ஒன்றும் இல்லை. நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன், வழக்கம்போல் 'நெசமாத்தான்' என்றோ 'சும்மா' என்றோ சொல்லுவார் என்று. அவரோ கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னச்சாமியே தொடர்ந்தார். "அதுவுமில்லாம, அன்னைக்கு மழ. மழ நாள்ல டிரம்ம வெளிய எவன் வைப்பான்? ஷெட்டுல கெடந்திருக்கும்."

மழை விட்டு விட்டு என்று நானே எழுதியிருக்கிறேன்.

முற்றத்தில் டிரம் இருந்த இடம் என்று நான் நினைக்கும் மூலையில் இப்போது தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். பேச்சியம்மாள் டிரம் வாசலை ஒட்டி இருந்தது என்கிறார். ராசாத்தி கொய்யா மரத்தடியில் என்கிறார். அன்று அது ஷெட்டில் இருந்தது என்றால், நான் எதைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்? கண்ணுக்கு முன்னால் மிச்சம் இருந்த ஒரே மருந்து அவர் மடியில் இருந்த அட்டைதான்.

எஸ்டேட்டில் அந்த வாரத்து ஷெட்டுப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். என் குறிப்பேட்டில் அந்தச் செவ்வாயின் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்து, இன்றைய தேதியையும் போட்டிருக்கிறேன்: "டிரம் அன்று எங்கே இருந்தது? இதுவரை சரிபார்க்கப்படவில்லை."